பாகம் மாறிய பின்னும் அதே பொருளா?

பழைய வால்வ் கிட்டார் ஆம்பிளிஃபயர் ஒன்றை விலை பேசும்போது வாங்குபவர் கேட்கும் முதற்கேள்வி, அது ஒரிஜினலா என்பதே. இந்தச் சிறிய கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. சொல்லப்படும் நிறுவனம் சொல்லப்படும் ஆண்டில் செய்த பெட்டிதானா இது? அன்று உள்ளே இருந்த பாகங்கள் இன்றும் இருக்கின்றனவா? அன்று ஒலித்தபடி இன்றும் ஒலிக்குமா? முதலாவது வரலாற்றைப் பற்றியது. இரண்டாவது பருப்பொருளைப் பற்றியது. மூன்றாவது பயனைப் பற்றியது. ஒரே ஆம்ப் இம்மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தரக்கூடும். ஐம்பது, அறுபது ஆண்டுகள் உழைத்த பெட்டியில் வால்வுகளும் கண்டன்சர்களும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் மெயின்ஸ் வயரும் மாறிப்போயிருக்கும். அதன் பின்னும் ‘இது அதேதான்’ என்று சொல்ல எது ஆதாரம்? காஞ்சிபுரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேரூன்றிய தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வாதிட்டுவந்த கேள்வி இது.

இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி இந்தக் கேள்விக்குப் பொருத்தமான களம். வால்வ் ஆம்பிளிஃபயருக்கு அங்கு ஆலை இல்லை. ஆனால் ஒன்றைப்போலவே இன்னொன்றைச் செய்வதில் அந்தப் பகுதிக்கு நிகரான இடங்கள் நாட்டில் குறைவு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும், ஸ்ரீபெரும்புதூரில் கைபேசிகளும், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக வெளிவருகின்றன. உத்தரவாதக் காலத்தில் கைபேசி பழுதாகி, அதே மாடலில் வேறொன்று தரப்பட்டால் வாடிக்கையாளர் பெரும்பாலும் வருந்துவதில்லை. அங்கே வேண்டியது அந்த மாடல்; அந்தத் தனிப்பொருள் யாருக்கும் தேவையில்லை. அதே ஒரகடத்தில் செய்யப்படும் புல்லட்டின் பழைய மாடலை வைத்திருப்பவரிடம் இதே பேரத்தைப் பேசிப் பார்த்தால் நிலைமை வேறு. தகப்பனார் ஓட்டிய வண்டிக்குப் பதில் புதுவண்டி தருகிறோம் என்றால் அவர் ஒப்பமாட்டார்.

அந்த மோட்டார் சைக்கிளின் ராயல் என்ஃபீல்டு என்ற பெயரே ஓர் அடையாளச் சிக்கல்தான். இங்கிலாந்தின் ரெடிட்சில் தோன்றிய நிறுவனம் அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. பின்னர் தாய் நிறுவனம் மூடப்பட்டது. சென்னைக் கிளை மட்டும் உயிரோடு நின்றது. 1994-இல் அது ஐஷர் குழுமத்துடன் சேர்ந்தது. ஒரகடம் ஆலை 2013-இல் திறக்கப்பட்டது. முதலாளி, நாடு, ஆலை, இயந்திரம் எல்லாம் மாறிய பின்னும் பெயர் தொடர்கிறது. இதற்கு நேர்மாறும் அதே பகுதியில் நடந்தது. 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் அதே கட்டடத்துக்கு வேறு நிறுவனம் வந்தது. முன்னதில் பெயர் நிலைத்தது, மற்றவை மாறின. பின்னதில் கட்டடம் நிலைத்தது, பெயர் மாறியது. பழைய ஆம்ப் வாங்குபவர் இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் சந்திக்க நேரலாம்.

கிட்டார் ஆம்ப் வரலாற்றில் அடிக்கடி பேசப்படும் பெயர்கள் மூன்று. 1946-இல் லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1950-களின் இறுதியில் வாக்ஸ் ஏசி30 வந்தது. 1962-இல் லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலின் குழுவினர் முதல் மார்ஷல் ஆம்பைச் செய்தார்கள். அந்த மார்ஷல், ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்புடைய மின்சுற்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றியது. ஆனால் இங்கிலாந்தில் கிடைத்த வால்வ், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்பட்டதால் ஒலி வேறாயிற்று. வரைபடம் ஒன்றாயிருந்தும் பொருள் இரண்டு. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதே ஊர், அதே பெயர்ப்பலகை. ஆனாலும் அந்த விற்பனைக்கு முந்தையவற்றுக்கே பழம்பொருள் சந்தை அதிக விலை தருகிறது. விற்பனை நடந்த மறுவாரம் ஆலையில் எதுவும் மாறிவிடவில்லை என்பதை ஆய்ந்தவர்கள் அறிவார்கள். மின்சுற்றிலும் வேலைப்பாட்டிலும் மாற்றங்கள் சில ஆண்டுகளில் படிப்படியாகவே வந்தன. ஆகவே அந்த விலை வேறுபாட்டில் ஒரு பகுதி பொருளுக்குத் தரப்படுகிறது. மறுபகுதி ஒரு தேதிக்குத் தரப்படுகிறது.

அந்தத் தேதியைக் கண்டறிவதற்கு வழிகள் உண்டு. அமெரிக்கப் பாகங்களில் செய்த நிறுவனத்தைக் குறிக்கும் எண்ணும், ஆண்டும் வாரமும் குறிக்கும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 1376512 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம். 65 என்பது 1965. 12 என்பது அந்த ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கினால் அது ஷூமாக்கர். ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன். டிரான்ஸ்ஃபார்மரில் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே இலக்கம்தான் இருக்கும். 5 என்றிருந்தால் 1955-ஆ, 1965-ஆ, 1975-ஆ என்பதை வேறு சான்றுகளால்தான் தீர்மானிக்க முடியும். ஃபெண்டர் ஆம்புகளின் உட்புறம் ஒட்டிய வால்வ் அட்டவணைக் காகிதத்தில் இரண்டு எழுத்துகள் முத்திரையிடப்பட்டிருந்தால், முதல் எழுத்து ஆண்டையும் இரண்டாவது மாதத்தையும் சொல்லும். ஏ என்பது 1951; அந்த வரிசையில் ஓ என்பது 1965. எனவே ஓ, சி என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் 1965 மார்ச்.

இந்த எண்களை எப்படி வாசிப்பது என்பதில்தான் நுட்பம். பாகங்கள் மொத்தமாக வாங்கப்பட்டு ஆலையில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கிலும் இருப்பில் கிடப்பதுண்டு. ஆகவே 1965-ஆம் ஆண்டுப் பாகம் இருப்பதால் ஆம்ப் 1965-இல் செய்யப்பட்டது என்று ஆகாது. அந்தப் பாகம் பின்னாளில் மாற்றப்பட்டதாக இல்லையென்றால், அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. எல்லாம் 1965 காட்ட, ஒரே ஒரு கண்ட்ரோல் 1972 காட்டினால் அந்த ஒன்று பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். அல்லது பழைய பாகங்களைத் திரட்டி 1972-க்குப் பின் யாரோ கட்டிய பெட்டியாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை ஈயப்பற்று சொல்லும். ஆலையில் வைத்த பற்று ஒரே சீராகவும் காலத்தால் மங்கியும் இருக்கும். பின்னர் வைத்தது பளபளப்பாகவோ கொழகொழவென்று மிகையாகவோ தெரியும். சாசிஸில் பழைய ஆணித்துளைகள் இருக்க, அவற்றோடு பொருந்தாத டிரான்ஸ்ஃபார்மர் அமர்ந்திருந்தால் அதுவும் ஒரு சான்று.

இவ்வகை ஆராய்ச்சிக்குத் தமிழில் பழைய முன்மாதிரி மணிமேகலையில் இருக்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கும் பகுதியில், அளவைவாதி என்பவன் அறிவு பிறக்கும் வழிகளைப் பத்தாக வகுத்துச் சொல்கிறான். காண்டல், கருதல் ஆகியவற்றோடு ஐதிகமும் அந்தப் பத்தில் ஒன்று. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்லிவருவதை நம்புவது அதற்கு அங்கு தரப்படும் எடுத்துக்காட்டு. ஒரு பெரிய இசையமைப்பாளரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த ஆம்ப் இது என்று விற்பவர் சொல்வது பெரும்பாலும் ஐதிகம். அது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் கண்டறிந்ததோடும் கருதி அறிந்ததோடும் அது ஒத்துப்போகாதவரை அதற்குத் தனி விலை கொடுக்கக் காரணமில்லை. அதே பகுதி அறிவுபோலத் தோன்றும் பிழைகளையும் வரிசைப்படுத்துகிறது. ஆராயாமல் முடிவு கட்டுவது அவற்றில் ஒன்று. நட்ட கட்டையை மனிதன் என்று கொள்வது அதற்கு உவமை. முகப்புத் துணியும் பெயர்ப்பலகையும் பழையவை என்பதால் உள்ளே இருப்பதும் பழையது என்று கொள்வது இந்தப் பிழையேதான். பெயர்ப்பலகை இரண்டு திருகாணிகளில் மாட்டியிருப்பது. யாரும் கழற்றி யாருடைய பெட்டியிலும் மாட்டலாம்.

கண்டறியும் வழி இவ்வளவு என்றால், கண்டறிந்த பின் எழும் கேள்விதான் கடினமானது. நான்கு கண்டன்சர்களும் இரண்டு வால்வுகளும் மாறியிருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. இப்போது இது பழைய ஆம்ப்தானா?

மிகக் கறாரான விடை வைசேஷிகருடையது. அவர்கள் கருத்தில் முழுமை என்பது உறுப்புகளின் கூட்டமாக மட்டும் நிற்பதில்லை. உறுப்புகளில் உறையும் தனிப்பொருள் அது. எந்த உறுப்புகளால் பிறந்ததோ அவற்றைச் சார்ந்தே அது நிலைக்கும். ஆகவே ஒரு துணியிலிருந்து சில இழைகள் அறுந்தால் பழைய துணி அழிந்து, எஞ்சிய இழைகளால் வேறொரு துணி பிறந்துவிடுகிறது. மண்குடத்தைச் சூளையில் சுடும்போதும் பச்சைக்குடம் அணுக்களாகப் பிரிந்து, நிறம் மாறிய அணுக்களால் புதுக்குடம் உண்டாகிறது என்பது அவர்கள் வாதம். இதை அவர்களின் உடன்பங்காளிகளான நியாய மரபினரே ஏற்கவில்லை. குடம் குடமாகவே இருந்து நிறம் மட்டும் மாறுகிறது என்றார்கள். வைசேஷிகக் கணக்குப்படி ஒரு கண்டன்சரை மாற்றிய கணத்தில் 1965-ஆம் ஆண்டு ஆம்ப் மறைந்து புதிது பிறக்கிறது. பழம்பொருள் சேகரிப்பவர்களில் ஒரு சாரார் தம்மை அறியாமலேயே இந்தக் கட்சியில் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கை முழுதாக ஒப்புக்கொண்டால் ஆலையில் சோதனையின்போது ஒரு வால்வை மாற்றியதும் புது ஆம்ப்தான். பழையது என்று சொல்ல உலகில் எதுவும் மிஞ்சாது.

எதிர்முனையில் பௌத்தர்கள் நிற்கிறார்கள். காஞ்சி அவர்களின் பெரும் கல்வி நகரம். நாலந்தாவில் ஆசிரியராக விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று சீன யாத்ரிகர் யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். மணிமேகலை அறவண அடிகளிடம் தருமம் கேட்பதும் காஞ்சியில்தான். அவர்கள் கொள்கையில் எப்பொருளும் கணந்தோறும் தோன்றி மறைகிறது. தொடர்ச்சி மட்டுமே உண்டு. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் சொன்ன தேர் விளக்கம் இதற்குப் பேர்பெற்றது. அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் ஆகா. அவற்றைத் தவிர்த்தும் தேர் இல்லை. தேர் என்பது வழக்குக்காக வைத்த பெயர். இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடர் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் ஒன்றா என்ற கேள்வியும் அந்த நூலிலேயே வருகிறது. ஒன்றும் அன்று, வேறும் அன்று; ஒன்றைச் சார்ந்து மற்றொன்று எழும் வரிசை அது. ஆம்ப் மெக்கானிக்கின் மேசையில் பார்த்தால் இந்த விடை மிகவும் பொருந்துகிறது. வால்வின் உமிழும் திறன் ஒவ்வொரு மணி நேரமும் சிறிது குறைகிறது. ஸ்பீக்கர் கூம்பு அதிர அதிரத் தளர்கிறது. கண்டன்சரின் உட்பொருள் காய்கிறது. யாரும் கை வைக்காத ஆம்பும் நேற்றைய ஆம்ப் இல்லை.

இந்தக் கணபங்க வாதத்தைத் தமிழ்நாட்டில் பலர் எதிர்த்தனர். சமணர் தரப்பில் நீலகேசி எதிர்த்தது. சைவர் தரப்பில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் எதிர்த்தார். ஆம்பைப் பற்றிய கேள்விக்கு மிக உதவுவது ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்ததாக மரபு கூறும் ராமானுஜரின் மறுப்பு. பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் பௌத்தர்களோடு வாதிடுகிறார். முன்பு கண்ட பொருளை மீண்டும் காணும்போது ‘இது அதே’ என்று எழும் அறிவுக்கு மதிப்பு உண்டு என்பது அவர் நிலை. சுடரைப் பார்த்தும் ‘அதே சுடர்’ என்று தோன்றுகிறதே, அது பிழை அல்லவா என்று பௌத்தர் கேட்பார். சுடர் விஷயத்தில் எண்ணெயும் திரியும் தீர்ந்துகொண்டே வருவது தெரிகிறது. அந்தக் காரண வேறுபாடு முந்தைய அறிவை மறுக்கிறது. குடத்தில் அப்படி மறுக்கும் சான்று எதுவும் இல்லாதபோது, அறிந்ததைத் தள்ளக் காரணம் இல்லை. ‘இது அதே’ என்ற அறிவு, அதை முறிக்கும் சான்று வரும்வரை நிற்கும், வந்தால் விழும்.

பழைய ஆம்பை அடையாளம் காணும் முறைக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் கிடைப்பது அரிது. முகப்பும் அமைப்பும் ஒலியும் ‘இது அறுபதுகளின் ஃபெண்டர்’ என்று சொல்லவைக்கின்றன. கண்ட்ரோலின் முதுகெண், ஈயப்பற்று, துளைகள் ஆகியவை அதை முறிக்கக்கூடிய சான்றுகள். அவற்றைத் தேடிப் பார்த்தும் எதுவும் முறிக்கவில்லை என்றால் முதல் அறிவு உறுதிப்படுகிறது. தேடாமல் ஒப்புக்கொள்வது பேராசை. எது கிடைத்தாலும் சந்தேகிப்பது வறட்டுவாதம்.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. நூற்றாண்டுகளாக மோதிக்கொண்ட இந்த இரு தரப்பும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன: ஒப்புமை வேறு, ஒருமை வேறு. பௌத்தருக்குப் பொருள் என்று ஒன்று நிலைத்து இல்லாவிட்டாலும் வரிசைக்கு வரிசை வேறுபாடு உண்டு. ஒரு விளக்கின் சுடர் வரிசை பக்கத்து விளக்கின் சுடர் வரிசை ஆகாது, எவ்வளவு ஒத்திருந்தாலும். ராமானுஜருக்கோ மண், குடம், ஓடு ஆகியவை ஒரே பொருளின் வெவ்வேறு நிலைகள். நிலை மாறினாலும் பொருள் தொடர்கிறது. ஒருவர் தொடர்ச்சியைக் காரணச் சங்கிலி என்கிறார். மற்றவர் அதைப் பொருளின் நிலைமாற்றம் என்கிறார். இருவருக்குமே அடையாளம் நிற்பது வரலாற்றில்தான். பாகங்களை எண்ணிப் பார்ப்பதில் இல்லை. பழைய மாடலைப் போலவே இன்று அதே நிறுவனம் வெளியிடும் மறுபதிப்பு ஆம்புகள் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் வேறு வரிசை. அதில் குறை ஏதும் இல்லை. மறுபதிப்பு என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. பழைய ஆம்பின் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் டிஜிட்டல் கருவிகளும் அப்படியே. ஒலி மட்டும் வேண்டுபவருக்கு அவை போதும். அதை இழிவாகக் கருதத் தேவையில்லை.

ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிக்கலும் இங்கே உண்மையாகவே நடக்கிறது. தீசியஸின் கப்பலில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன என்பது பழைய கிரேக்கக் கதை. கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று ஹாப்ஸ் கேட்டார். பழம்பொருள் சந்தையில் ஓர் ஆம்பின் அசல் டிரான்ஸ்ஃபார்மர் ஒருவரிடமும் அசல் ஸ்பீக்கர் இன்னொருவரிடமும் போகின்றன. சிலர் அவற்றைத் திரட்டிப் புதுப்பெட்டியில் கட்டுகிறார்கள். அங்கே ஒவ்வொரு பாகமும் அசல். ஆனால் அந்த ஆம்ப் ஒருநாளும் எந்த ஆலையிலிருந்தும் வெளிவந்ததில்லை. பாகக் கணக்கை மட்டும் நம்புபவர் ஏமாறும் இடம் இது.

அப்படியானால் எந்தப் பாகமும் மாறலாமா என்ற கேள்வி வரும். இதற்கு மீமாம்சை மரபிலிருந்து ராமானுஜர் எடுத்து விரித்த ஒரு கருத்து துணைசெய்கிறது. தனக்கென்று இல்லாமல் இன்னொன்றின் பொருட்டே இருப்பது சேஷம். அது யாருக்காக இருக்கிறதோ அது சேஷி. ஒரு சேதனனால் தாங்கப்பட்டு, இயக்கப்பட்டு, அவனுக்கே சேஷமாக இருக்கும் பொருள் அவனுக்கு உடல் என்று ஸ்ரீபாஷ்யம் வரையறுக்கிறது. ஆம்புக்கு உயிர் இல்லை. எனவே அந்த வரையறையை அப்படியே அதன்மேல் ஏற்றக்கூடாது. ஆனால் பாகங்களை எதற்காக எது இருக்கிறது என்ற முறையில் வரிசைப்படுத்தும் பார்வையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஆம்பைச் செய்தவரே குறிப்பு விட்டுச் சென்றிருக்கிறார். வால்வுகளை அவர் ஈயத்தால் பற்றவைக்கவில்லை, சாக்கெட்டில் செருகினார். தேய்ந்தால் பிடுங்கி வேறு செருகவேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆகவே வால்வை மாற்றுவது அவர் செய்த பொருளுக்கு எதிரானது ஆகாது; அவர் விதித்தபடி நடப்பதுதான். ஃபியூஸும் முகப்பு பல்பும் இதே வகை. மின்னாற்பகுப்புக் கண்டன்சர்கள் பற்றவைக்கப்பட்டவை என்றாலும் சில பத்தாண்டுகளில் காய்ந்துபோகும் இயல்புடையவை. அவையும் உழைத்துத் தீர்வதற்கென்றே இருப்பவை. டிரான்ஸ்ஃபார்மர்கள், சாசிஸ், பாகங்கள் அமர்ந்த பலகை, அதில் செல்லும் வயர்களின் போக்கு ஆகியவற்றின் நிலை வேறு. ஆம்பின் குரலையும் ஆண்டையும் தாங்குபவை அவை. அவை போனால் இழப்பு பெரிது. ஸ்பீக்கர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கிழியக்கூடியது, ஆனால் குரலில் பாதி அதனுடையது. பழைய சட்டகத்திலேயே புதுக்கூம்பு ஒட்டியதா, முழுதாக வேறு ஸ்பீக்கரா என்று கேட்டறிவது அவசியம்.

மோட்டார் வாகனங்களில் அரசு இந்த வேலையைச் செய்துவிட்டது. சாசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்சி புத்தகத்தில் ஏறுகின்றன. டயரும் பேட்டரியும் ஏறுவதில்லை. ஆம்புக்கு ஆர்சி புத்தகம் இல்லாததால் வாங்குபவரே அந்த எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாகம் எதுவும் மாறாத ஆம்ப்தான் மேலானது என்ற எண்ணம் வலுவாக இருப்பதால் அதைத் தனியாக ஆராயவேண்டும். இதற்கு நிகரான கேள்வியைக் கோயில்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவருகின்றன. ஒரே விடையை அவை தரவில்லை என்பதுதான் அவற்றிலிருந்து கிடைக்கும் பாடத்தின் ஆழம். பூரி ஜகந்நாதர் கோயிலில் குறிப்பிட்ட ஆண்டுகளில் மரத் திருமேனிகள் புதிதாகச் செய்யப்படுகின்றன. பழையதன் உள்ளிருக்கும் பொருள் புதியதற்கு மாற்றப்படுகிறது. அண்மையில் அது நிகழ்ந்தது 2015-இல். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் வழி வேறு. அத்திமரத் திருமேனி அனந்தசரஸ் குளத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மூலவராக வழிபடப்படுவது கல் திருமேனி. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தி வரதர் வெளியே எழுந்தருள்கிறார். 1979-க்குப் பின் 2019-இல் 48 நாட்கள் பக்தர்கள் கண்டார்கள். அத்தி வரதர்தான் அசல், மூலவர் நகல் என்று அவர்களில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ராமானுஜரின் திருமேனிகள் மூன்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்யப்பட்டு அவரே உகந்து தழுவியது ஸ்ரீபெரும்புதூரில் உள்ள தானுகந்த திருமேனி. மேல்கோட்டையில் அடியார்கள் உகந்தது தமருகந்த திருமேனி. திருவரங்கத்தில் இருப்பது அவர் உடலே என மரபு கொள்ளும் தானான திருமேனி. அவரே ஒப்பியது, அன்பர் ஏற்றது, அதுவேயானது என்று உறவின் வகை மூன்றாக வேறுபட, மூன்றும் வணங்கப்படுகின்றன. ஒன்றை உயர்த்த மற்றதைப் பொய் என்று சொல்லவேண்டியதில்லை. எது எந்த வகை என்று தெளிவாகப் பெயரிடப்பட்டிருப்பதே போதுமானதாக இருக்கிறது. கோயிலில் அந்தத் தொடர்ச்சியைத் தாங்குவது பிரதிஷ்டையும் வழிபாடும்; சந்தைப் பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் வகையை மறைக்காமல் சொல்லும் ஒழுங்கைச் சந்தையும் கைக்கொள்ள முடியும்.

பாகம் மாறாத ஆம்பின் இடர் வெறும் கருத்தளவில் நிற்பதும் இல்லை. ஐம்பதாண்டுக் கண்டன்சர்களோடு நேரே மின்சாரம் கொடுத்தால் அவை வெடிக்கலாம். அசல் டிரான்ஸ்ஃபார்மரையும் கருக்கிவிடலாம். பழைய அமெரிக்க ஆம்புகளில் எர்த் இல்லாத இரண்டு பின் வயரும், மெயின்ஸிலிருந்து சாசிஸுக்கு ஒரு கண்டன்சரும் இருக்கும். அந்தக் கண்டன்சர் ஷார்ட் ஆனால் கிட்டாரின் கம்பியைத் தொட்டவர் உடலில் மின்சாரம் பாயும். மூன்று பின் வயர் போட்டு எர்த் கொடுத்து அந்தக் கண்டன்சரை அகற்றுவது எந்த நல்ல மெக்கானிக்கும் முதலில் செய்யும் வேலை; அசல் கெட்டது என்று அதற்காக விலை குறைப்பது உயிரைவிடப் பழமையை மேலாக வைப்பதாகும். 117 வோல்ட்டுக்குச் செய்த ஆம்பை 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் வோல்ட்டைத்தான் குறைக்கும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் இந்தியாவின் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். பல நாட்டு மின்சாரத்துக்கும் ஏற்றபடி வெளிவந்த ஏற்றுமதி மாடல்கள் இங்கு வாங்க ஏற்றவை. ஆம்ப் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சர்களில் அது தங்கும். முதுகெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் அனுபவமுள்ள வால்வ் மெக்கானிக்கைக் கொண்டு திறப்பதே முறை.

இவ்வளவும் அறிந்தவர் வாங்குபவர். அறியாதவர் விற்பவர் என்றால் என்ன செய்வது? கேள்வி இங்கே அறமாக மாறுகிறது. வீட்டை ஒழிக்கும் குடும்பம் ஒன்று பழைய பெட்டியைக் காயலான் கடைக்காரரிடம் எடைக்குப் போடுகிறது. அதன் மதிப்பை அறிந்தவர் கடையில் நிற்கிறார். இந்தியச் சட்டம் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் வழியே விற்பவரைத்தான் முதன்மையாகக் கட்டுப்படுத்துகிறது. இன்ன பொருள் என்று விவரித்து விற்றால் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்கவேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. தரத்தைப் பொறுத்தவரை, சில விலக்குகள் தவிர, பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்கிறது 16-ஆம் பிரிவு. 1965 ஃபெண்டர் என்று சொல்லிப் பாகம் திரட்டிய பெட்டியை விற்றவர் 15-ஆம் பிரிவில் சிக்குவார். மதிப்பைச் சொல்லாமல் வாங்கியவரைச் சட்டம் பொதுவாகத் தொடாது. தமிழ் மரபு அந்த இடத்தில் சட்டத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது. கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் வாணிகம் செய்தவர்களைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகருக்கு வாணிகம் என்பது திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் கருத்து. இந்த அளவுகோலில் அறிந்தவரின் மௌனமும் மிகையாகக் கொள்வதுதான். தேடிக் கற்ற அறிவுக்கு ஊதியம் வேண்டாமா என்ற எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஊதியத்தை விலை பேசும்போது வெளிப்படையாகவே கழித்துக்கொள்ள முடியும். மறைத்துப் பெறும் லாபத்தை அந்த வாதம் காப்பாற்றாது.

வாங்கிய பின்னும் அடையாளத்தின் வேலை முடிவதில்லை. இனி நடக்கும் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் அந்த ஆம்பின் வரலாற்றில் சேரும். எந்தப் பாகம், எந்தத் தேதியில், எதற்காக மாற்றப்பட்டது, யார் மாற்றினார் என்பதைத் தாளில் எழுதி, கழற்றிய பாகங்களை உறையிலிட்டு ஆம்போடு வைத்திருப்பது நல்ல சேகரிப்பாளர்களின் வழக்கம். கழற்றிய பழைய கண்டன்சர் மின்சுற்றுக்கு இனி உதவாது. அதன்மேல் அச்சிட்ட எண் அடுத்து வாங்குபவருக்குச் சான்றாக உதவும். பழைய துளையைப் பெரிதாக்காமலும், வயரின் போக்கை மாற்றாமலும், புதுப்பாகத்தைப் பழையதுபோல் தோன்றச் செய்யாமலும் வேலை செய்யும் மெக்கானிக்கைத் தேர்வது இதன் இன்னொரு பகுதி. விற்கும் நாளில் அந்தத் தாளும் உறையும் ஆம்புடனேயே கைமாறவேண்டும்.